மதுரையில் காத்திருந்த தத்துவ போதகர்

ஒரே வீட்டில் ஒருவர் மழைக்காகவும் மற்றொருவர் வெயிலுக்காகவும் செபிக்கும் ஊர்கள் நம்முடையவை. ஆனைக்குட்டத்தில் அர்ச்சுனா நதியை மறித்துக் கட்டிய அணையில் நீர் ஏறவேண்டும் என்று நிலம் வைத்திருக்கும் தாத்தா வேண்டுவார். வெடி காயும் களத்தில் ஒரு தூறலும் விழக்கூடாதே என்று பட்டாசு வேலைக்குப் போகும் அம்மா வேண்டுவார். இரண்டு வேண்டுதலும் ஒரே கூரையின் கீழிருந்து, ஒரே செபமாலையைப் பிடித்துக்கொண்டு எழுகின்றன. எது கேட்கப்பட்டது, எது கேட்கப்படவில்லை என்று கணக்குப் பார்க்கத் தொடங்கினால் நம் விசுவாசம் அடுத்த தீபாவளி வரைகூடத் தாங்காது.

கணக்குப் பார்க்காத ஒருவரைப் பற்றி இவ்வாண்டு மலரில் எழுத எண்ணினோம். எடுத்த காரியம் கைகூடாமல், ஆண்டுக்கணக்கில் காத்திருந்தும், விசுவாசத்தையும் விடாமல் வேலையையும் விடாமல் இருந்தவர் அவர். அவரைத் தேடி நாம் வெகுதூரம் போகவேண்டியதில்லை. விருதுநகரிலிருந்து சுமார் 50 கிலோமீட்டரில் உள்ள மதுரைதான் அவர் பாடுபட்ட ஊர். தமிழ் உரைநடை வளர்ச்சி பற்றிய பாடத்தில் வீரமாமுனிவருக்கு முன்னால் ஒரு வரியில் வந்துபோகும் பெயர் அவருடையது: தத்துவ போதகர் எனப்பட்ட இராபர்ட் தெ நொபிலி. தேர்வில் ஒரு மதிப்பெண் வினா. அந்த ஒரு மதிப்பெண்ணுக்குப் பின்னால் ஐம்பது ஆண்டு உழைப்பும், பத்தாண்டுத் தடையும், சிறையும், பார்வை மங்கிய முதுமையும் இருப்பதை நம்மில் பலர் அறியோம்.

நொபிலி 1577-ஆம் ஆண்டு செப்டம்பரில் இத்தாலி நாட்டுப் பிரபு குடும்பம் ஒன்றில் தலைமகனாகப் பிறந்தார். பாப்பரசராயிருந்த மூன்றாம் ஜூலியஸ் அக்குடும்பத்தின் உறவு. திருச்சபையின் பேரறிஞர் என்று அந்நாளில் போற்றப்பட்ட கர்தினால் பெல்லார்மினும் உறவினரே. உரோமையில் தங்கிவிட்டால் என்னென்ன பதவிகள் தேடி வந்திருக்கும் என்று சொல்லவேண்டியதில்லை. வீட்டார் விருப்பத்துக்கு மாறாக நேப்பிள்ஸ் நகருக்குப் போய்ச் சேசு சபையில் சேர்ந்தார். 1604-இல் லிஸ்பனில் கப்பலேறினார். ஆப்பிரிக்கக் கரையில் கப்பல் சேதமடைய, அங்கே பல மாதம் காத்துக்கிடந்து, 1605 மே மாதம் கோவா வந்து சேர்ந்தார். காத்திருத்தல் என்னும் பாடம் அப்போதே தொடங்கிவிட்டது. பின்பு கொச்சி, பின்பு முத்துக்குளித்துறை. அங்கே தமிழ் கற்றுக்கொண்டு 1606 நவம்பரில் மதுரை சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 29. கடற்கரையிலிருந்து மதுரைக்கு வருவோர் கரிசல் பூமியைக் கடந்துதானே வரவேண்டும்? நம் ஊர்ப் பக்கத்துப் புழுதி அவர் காலில் பட்டிருக்கும் என்று எண்ணும்போது நமக்கு ஒரு சிறு மகிழ்ச்சி.

மதுரையில் அவருக்கு முன்பே ஒரு குருவானவர் இருந்தார். கொன்சாலோ பெர்னாண்டஸ் என்னும் போர்த்துக்கீசியர். முன்பு போர்வீரராயிருந்து பிறகு துறவு பூண்டவர். வாணிபத்துக்காக மதுரைக்கு வந்துபோன பரதவ கிறிஸ்தவர்களுக்கும் போர்த்துக்கீசியர்களுக்கும் பூசை வைக்க 1595 முதல் அங்கே தங்கியிருந்தார். சிறு கோவில், சிறு பள்ளிக்கூடம், நோயாளிகளைப் பார்க்க ஒரு சிறு மருத்துவ இல்லம், இவ்வளவுதான் அவர் உலகம். பதினோரு ஆண்டுகள் அவர் அங்கே இருந்தார். அந்தப் பதினோரு ஆண்டுகளில் மதுரை நகரத்தார் ஒருவர்கூட ஞானஸ்நானம் பெறவில்லை. ஒருவர்கூட! ஆயினும் அவர் மூட்டை கட்டவில்லை. நாள்தோறும் கோவிலைத் திறந்தார், பூசை வைத்தார், புண்ணுக்கு மருந்து கட்டினார். நொபிலியின் வரலாற்றை எழுதுவோர் பலரும் இந்த முதியவரை ஒரு முட்டுக்கட்டையாகக் காட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அது நியாயமென்று நமக்குத் தோன்றவில்லை. தோல்வியிலும் விசுவாசத்தை விடாதவர் என்ற பெயர் இவருக்கும் உரியதே.

ஏன் ஒருவரும் வரவில்லை? நொபிலி அடிகளார் மதுரையில் முதன்முதலாக ஆராய்ந்தது இதைத்தான். ஒரு சொல் வழியை அடைத்துக்கொண்டு நிற்பதை அவர் கண்டார். பறங்கி என்பதே அச்சொல். போர்த்துக்கீசியரை மக்கள் பறங்கி என்றார்கள். குளிக்காதவர், மது அருந்துபவர், மாட்டிறைச்சி உண்பவர், ஊர் ஒழுக்கம் அறியாதவர் என்பதெல்லாம் அந்தச் சொல்லுக்குள் அடங்கியிருந்தன. முத்துக்குளித்துறை மக்கள் 1530-களிலேயே திருமறையைத் தழுவி, 1542-இல் வந்த புனித சவேரியாரிடம் மந்திரங்கள் கற்று, எத்தனையோ இன்னல்களுக்கிடையே அதைக் காத்து வந்தவர்கள். அவர்களையும் மதுரையார் அதே சொல்லால்தான் குறித்தனர். இதில் வேடிக்கையும் வேதனையும் என்னவென்றால், ஞானஸ்நானம் பெற விரும்புகிறாயா என்று கேட்கவேண்டிய இடத்தில், பறங்கிக் குலத்தில் சேர விரும்புகிறாயா என்றே குருக்கள் கேட்டு வந்தார்கள்! பெர்னாண்டஸ் அடிகளும் அப்படித்தான் கேட்டார். அதன் பொருள் கேட்பவர் காதில் எப்படி விழும் என்பது அவருக்குத் தெரியவில்லை. பூசையைக் குறிக்க மிஸ்ஸா என்ற போர்த்துக்கீசியச் சொல்லைத் தமிழில் எழுதியபோது அது மீசையாகிவிட்ட கதையும் உண்டு. புனிதமான பலியைப் பற்றிப் பேசுகிறோம் என்று பேசுபவர் நினைக்க, கேட்பவர் தம் மேலுதட்டைத் தடவியிருப்பார்.

நொபிலி கறுப்பு அங்கியைக் கழற்றினார். காவி உடுத்தினார். பாதக்குறடு, தண்டு, கமண்டலம். ஒரு நாளைக்கு ஒரு வேளை உணவு. சோறு, காய்கறி, பால். புலால் இல்லை, மது இல்லை. பெர்னாண்டஸ் அடிகளின் இல்லத்தை விட்டு நீங்கித் தனியே ஒரு குடிலில் குடியேறினார். தாம் பறங்கியல்லர் என்றும், உரோமையில் உயர்குடியில் பிறந்து துறவு பூண்டவர் என்றும் அறிவித்தார். 1611-இல் அதையே ஓலையில் எழுதி வாசலில் ஒட்டவும் செய்தார். பிறப்பால் அவர் போர்த்துக்கீசியர் அல்லர் என்பதால் அது பொய்யாகாது. ஆனாலும் கடற்கரைக் கிறிஸ்தவர் ஒருவர் அந்த ஓலையைப் படித்திருந்தால் அவர் மனம் என்ன பாடுபட்டிருக்கும் என்று நாம் நினைக்காமல் இருக்க முடியவில்லை.

பெர்னாண்டஸ் அடிகளின் பள்ளியில் கற்பித்த ஆசிரியர் ஒருவர்தான் முதலில் அவரிடம் வாதாட வந்தார். கடவுள் ஒருவரா, உயிர் மறுபிறப்பு எடுக்குமா, உலகைப் படைத்தது எதிலிருந்து என்று இருபது நாட்கள் போல வாதம் நடந்தது. முடிவில் அவர் ஞானஸ்நானம் பெற்றார். பதினோரு ஆண்டுகளாக எவரும் நுழையாத வாசலில் முதல் அடி! பின்னர் சிவதர்மர் என்ற தெலுங்கு அந்தணப் பண்டிதர் அவருக்கு வடமொழி கற்பித்தார். அயலவர் காதில் வேதம் விழுவது பெருங்குற்றமாக எண்ணப்பட்ட காலம் அது. கற்பித்தவருக்கும் ஆபத்து, கற்றவருக்கும் ஆபத்து. தமிழ், தெலுங்கு, வடமொழி மூன்றிலும் ஐரோப்பியர் எவரும் அதற்குமுன் எட்டாத புலமையை நொபிலி எட்டினார். குரு, வேதம், அருள், பிரசாதம், பூசை, கோவில் என்று நம் வீடுகளில் பாட்டிமார் இன்றும் சொல்லும் சொற்களைக் கிறிஸ்தவ வழக்கில் நிலைநிறுத்தியதில் அவருக்குப் பெரும் பங்குண்டு. ஞாயிறன்று பூசைக்குப் போகிறேன் என்று ஒரு பாட்டி சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு கிளம்பும்போது அவரையும் நினைத்துக்கொள்ளலாம்.

இவ்வளவும் கேட்டால் வெற்றிக் கதை போலத் தோன்றும். உண்மையில் துன்பம் இங்கேதான் தொடங்கியது. அதுவும் வெளியிலிருந்து வரவில்லை.

ஒரே ஊர். ஒரே சபையின் இரண்டு குருக்கள். ஒருவர் மற்றவரோடு ஒரு பந்தியில் உட்கார்ந்து உண்ண முடியாது. வெளிப்படையாகச் சந்திப்பதும் அரிது. ஏனெனில் பறங்கிக் குருவோடு பழகினால் இளையவரின் துறவுக் கோலம் மதுரையார் கண்ணில் பயனற்றுப் போகும். முதியவர் நிலையில் நம்மை வைத்துப் பார்ப்போம். பதினோரு ஆண்டு தனியே கிடந்து காத்த இடத்துக்கு ஓர் இளைஞர் வருகிறார். தமக்கு உதவ வந்தவர் என்று மகிழ்ந்திருப்பார். சில மாதங்களில் அந்த இளைஞர் வீட்டை விட்டுப் போகிறார், மேசையை விட்டுப் போகிறார், கோவிலையும் விட்டுத் தனிக்கோவில் கட்டுகிறார். பள்ளி ஆசிரியரும் அவர் பின்னே போகிறார். அத்தனைக்கும் மேலாக, அவருக்குப் பலனும் கிடைக்கிறது. சில ஆண்டுகளிலேயே புதுக் கிறிஸ்தவர் தொகை அறுபதைத் தாண்டிவிட்டது. முதியவர் நெஞ்சில் எரிந்தது பொறாமை மட்டும்தானா? தம் வாழ்நாள் உழைப்பெல்லாம் தவறான வழி என்று சொல்லாமல் சொல்லப்படுவதைத் தாங்குவது எளிதா?

1610-இல் பெர்னாண்டஸ் அடிகள் மேலிடத்துக்கு முறையீடு எழுதினார். இவர் கிறிஸ்தவ மறையை மறைத்துப் பிற மதச் சடங்குகளைக் கலக்கிறார், பூணூலும் குடுமியும் சந்தனமும் வைத்துக்கொள்ள விடுகிறார், மக்களைப் பிரிக்கிறார் என்பன குற்றச்சாட்டுகள். முறையீடு கோவாவுக்குப் போயிற்று, உரோமைக்கும் போயிற்று. நொபிலி கிறிஸ்தவ விசுவாசத்தையே கைவிட்டார் என்கிற அளவுக்கு வதந்தி பருத்தது. கர்தினால் பெல்லார்மின் அதைக் கேட்டு மனம் நொந்து, தம் உறவினருக்கு வருத்தமும் கண்டிப்புமாக ஒரு கடிதம் எழுதினார்.

அக்காலத்தில் உரோமையிலிருந்து மதுரைக்கு ஒரு கடிதம் வந்துசேர ஓராண்டுக்கு மேல் ஆகும். பதில் போக மற்றோர் ஆண்டு. நீ விசுவாசத்தை விட்டுவிட்டாயா என்று தாம் மிகவும் மதித்த உறவினரே கேட்கிறார். இல்லை என்ற பதில் அவர் கையில் சேரும்வரை அவர் மனத்தில் தாம் துரோகிதான். அந்த இடைப்பட்ட நாட்களை நொபிலி எப்படிக் கழித்தார்? வழக்கம்போல் எழுந்தார், தியானம் செய்தார், பூசை வைத்தார், ஒரு வேளை உண்டார், வந்தவர்க்கு மறை போதித்தார். பின்னர் உண்மையறிந்த பெல்லார்மின் அவருக்கு ஆதரவாக நின்றார் என்பது வரலாறு. ஆனால் கடிதம் எழுதும்போது அது நொபிலிக்குத் தெரியாதல்லவா?

ஆதரவு அடியோடு இல்லாமற் போகவில்லை. சபையின் மாநிலத் தலைவர் லயெர்சியோ அடிகளும், கிராங்கனூர்ப் பேராயர் பிரான்சிஸ்கோ ரோஸ் ஆண்டகையும் அவர் பக்கம் இருந்தனர். அந்தோணி விக்கோ என்ற மற்றொரு குருவானவர் மதுரைக்கு வந்து அவரோடு அதே தவக்கோலம் பூண்டார். ஆனால் தலைவர்கள் மாறினார்கள். 1613-ஆம் ஆண்டு வாக்கில் புதிதாக வந்த மாநிலத் தலைவர், வழக்கு முடியும்வரை இனி எவருக்கும் ஞானஸ்நானம் கொடுக்கவேண்டாம் என்று நொபிலியைத் தடுத்தார். வழக்கு முடிய ஏறத்தாழப் பத்தாண்டு ஆயிற்று.

அந்தப் பத்தாண்டைத்தான் நாம் நின்று பார்க்கவேண்டும். அவருக்கு முப்பத்தைந்து வயதிலிருந்து நாற்பத்தைந்து வயது வரை. ஒரு மனிதனின் உழைப்புக் காலத்தின் நடுப்பகுதி. எந்தக் காரியத்துக்காகத் தாய்நாட்டை விட்டு வந்தாரோ, அந்த ஒரு காரியத்தைச் செய்யக்கூடாது. கற்பிக்கலாம், காத்திருப்போரைத் தண்ணீர்த் தொட்டிக்கு அழைத்துப் போகக்கூடாது. பல ஆண்டு மறை கற்று, வீட்டாரின் ஏச்சையும் தாங்கி, ஞானஸ்நானம் கேட்டு வந்து நிற்கிறவரிடம் இன்னும் பொறுக்கச் சொல்லவேண்டும். ஏன் என்று கேட்டால் என்ன விடை சொல்வது? பகைவர் தடுத்தார் என்றால் சொல்லிவிடலாம். தாய்த் திருச்சபையைச் சேர்ந்தவர்களே தடுத்திருக்கிறார்கள் என்று புதிதாக வந்தவரிடம் எப்படிச் சொல்வது?

அவருக்கு இரண்டு வழிகள் திறந்திருந்தன. கீழ்ப்படியாமல் தம் போக்கில் செய்திருக்கலாம். மதுரையில் யார் பார்க்கப் போகிறார்கள்? அல்லது மனம் கசந்து உரோமைக்குத் திரும்பியிருக்கலாம். கர்தினால் வீட்டு உறவினருக்கு அங்கே இடமா இல்லை? இரண்டையும் அவர் செய்யவில்லை. உட்கார்ந்து எழுதினார். இந்நாட்டு மக்களின் பழக்கங்களில் எவை சமயத்தைச் சார்ந்தவை, எவை வெறும் ஊர் வழக்கம் என்று வடமொழி நூல்களை ஆதாரம் காட்டி 1613-இல் இலத்தீனில் ஒரு நீண்ட விளக்கம் எழுதினார். மதுரையின் மறுபக்கத்தில் பெர்னாண்டஸ் அடிகளும் சும்மா இருக்கவில்லை. 1616-இல் அவரும் இந்து சமயம் பற்றிப் போர்த்துக்கீசிய மொழியில் ஒரு நூல் எழுதி முடித்தார். சற்றே சிந்தித்துப் பாருங்கள், மாணவியரே: ஒரு நகரத்தின் இரண்டு மூலைகளில், இரண்டு குருக்கள், ஒருவரையொருவர் மறுக்க, ஒரே விளக்கெண்ணெய் வெளிச்சத்தில் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். இருவரும் விடியற்காலையில் ஒரே கிறிஸ்துவின் பலியை ஒப்புக்கொடுக்கிறார்கள்.

1619 பிப்ரவரியில் கோவாவில் விசாரணைக் கூட்டம் கூடிற்று. நொபிலி காவியுடையோடே போய் நின்றார். பேராயரும் குருக்களும் மறைநூல் வல்லுநரும் நிறைந்த அவையில் அந்தக் கோலமே பலருக்கு அருவருப்பாயிருந்தது. தம் கட்சியை விரிவாக எடுத்துரைத்தார். கோவாப் பேராயர் எதிர்த்தார், பெரும்பாலோர் எதிர்த்தார்கள். விசாரணைக் குழுவைச் சேர்ந்த அல்மேய்தா என்பவர் போன்ற மிகச் சிலரே ஆதரித்தார்கள். முடிவு உரோமைக்கு விடப்பட்டது. மறுபடியும் கப்பல், மறுபடியும் காத்திருப்பு. தோற்றவராகவே அவர் மதுரைக்குத் திரும்பி நடந்தார்.

1623 ஜனவரி 31-இல் பாப்பரசர் பதினைந்தாம் கிரகோரியார் தீர்ப்பு வழங்கினார். பூணூல், குடுமி, சந்தனம், நீராடல் ஆகியவற்றை மூடப் பொருளின்றி ஊர் வழக்கமாகக் கொள்ளலாம் என்று சில நிபந்தனைகளோடு அனுமதி கிடைத்தது. ஞானஸ்நானத் தொட்டி மீண்டும் திறந்தது. தீர்ப்பைக் கேட்டு நொபிலி துள்ளிக் குதித்தார் என்று எழுத ஆசைதான். ஆனால் அவர் செய்தது வேறு. அதே ஆண்டில் கைத்தடியை எடுத்துக்கொண்டு வடக்கே நடக்கத் தொடங்கினார். திருச்சி, சேந்தமங்கலம், சேலம். சேலத்தில் தங்க இடம் கொடுப்பாரில்லை; காற்றும் பனியும் புகும் திறந்த சத்திரத்தில் நோயுற்றுக் கிடந்தார். வென்ற வழக்கு அவருக்கு ஒரு கூரையைக்கூடச் சம்பாதித்துக் கொடுக்கவில்லை.

1640-இல் மீண்டும் சோதனை. திருமலை நாயக்கர் மதுரையில் ஆண்ட காலம். நாம் சுற்றுலா சென்று தூண்களைக் கட்டிப்பிடித்துப் படம் எடுத்துக்கொள்கிறோமே, அந்த மகால் 1636-இல் எழுந்தது. அதே நகரில் நொபிலியும் மார்ட்டின்ஸ் என்ற குருவானவரும் கைதாகிச் சிறையில் அடைக்கப்பட்டார்கள். உடைமைகள் பறிபோயின. பல மாதங்களுக்குப் பின் மறு ஆண்டு விடுதலை கிடைத்தது. நொபிலிக்கு அப்போது அறுபது வயது கடந்துவிட்டது. கண் பார்வை மங்கத் தொடங்கியிருந்தது.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போனால் நாம் அவருக்குச் செய்வது அஞ்சலியாகாது. சாதி என்பது சமயத்தைச் சேராத ஊர் வழக்கம் என்று அவர் கருதினார். உயர்குலத்தார் வந்தால் மற்றவர் பின்தொடர்வர் என்றும் எண்ணினார். அதன் பயனாகக் கோவிலில் பிரிவும் குருக்களில் பிரிவும் உண்டாயின. ஒடுக்கப்பட்ட மக்களிடையே தாராளமாகப் பழகுவதற்கென்று பண்டாரசுவாமிகள் என்னும் வேறு வகைத் துறவியர் 1640 முதல் ஏற்படவேண்டி வந்தது; பல்தசார் தெ கோஸ்தா அடிகள் அதைத் தொடங்கினார். நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் எளிய மக்கள் அவர்கள் வழியாகவே வந்தனர். நம் விடுதியில் எல்லாப் பிள்ளைகளும் ஒரே வரிசையில் தட்டேந்தி நின்று ஒன்றாக உண்கிறார்கள். அந்தக் காட்சியை நொபிலி தம் காலத்தில் எண்ணிப் பார்த்திருக்க முடியாது. அன்று விட்டுக்கொடுத்த அந்த ஓர் இடத்தில் ஏற்பட்ட காயம் தமிழகத் திருச்சபையில் இன்னும் முழுதாக ஆறவில்லை. பெர்னாண்டஸ் அடிகள் தொடுத்த குற்றச்சாட்டுகளில் மக்களைப் பிரிக்கிறார் என்பதும் ஒன்று என்பதை இந்த இடத்தில் நினைவுகூர்கிறோம். முதியவர் எல்லாவற்றிலும் தவறியவர் அல்லர்.

1623-இல் முடிந்ததாக நினைத்த வழக்கும் முடியவில்லை. நொபிலி இறந்து ஐம்பது ஆண்டு ஆவதற்குள், 1704-இல், பாப்பரசரின் தூதர் தூர்னோன் புதுச்சேரியில் அவர் விட்டுச்சென்ற வழக்கங்கள் பலவற்றைத் தடைசெய்தார். 1744-இல் பாப்பரசர் பதினான்காம் ஆசீர்வாதப்பர் அந்தத் தடையை உறுதிசெய்தார். 1773-இல் சேசு சபையே கலைக்கப்பட்டது; மதுரைப் பணி அநாதையாயிற்று. 1838-இல்தான் சபையினர் மீண்டும் மதுரைப் பணிக்கு வந்தனர். ஒவ்வொரு மக்களின் பண்பாட்டிலும் நற்செய்தி வேரூன்றவேண்டும் என்று 1962 முதல் 1965 வரை நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கம் கூறியபோது, பலரும் மதுரைக் காவியுடைத் துறவியை நினைத்தார்கள். இதற்கிடையில், 1693-இல் ஓரியூரில் இரத்தம் சிந்திய புனித அருளானந்தரும், கோவில்பட்டி அருகே காமநாயக்கன்பட்டியில் பணியாற்றிய வீரமாமுனிவரும் அவர் வகுத்த வழியில் நடந்து முடித்துவிட்டிருந்தார்கள். இவற்றில் ஒன்றையும் நொபிலி பார்க்கவில்லை. நல்லதையும் பார்க்கவில்லை, கெட்டதையும் பார்க்கவில்லை.

அவர் பார்த்தது வேறு. 1640-களில், முதுமையும் நோயும் கருதி, மேலிடத்தார் அவரை மதுரையை விட்டுப் போகச் சொன்னார்கள். நாற்பது ஆண்டுக் காலம் பழகிய தெருக்கள். அவற்றின் திருப்பங்களைக் கண் தெரியாமலே காலால் அறிந்திருப்பார். யாழ்ப்பாணத்துக்கு அனுப்பினார்கள். போனார். பிறகு மயிலாப்பூருக்கு அனுப்பினார்கள். அதற்கும் போனார். மதுரையில் இறக்கவேண்டும் என்ற ஆசை அவருக்கு இருந்திருக்காதா? ஆனால் இருபது வயதில் நேப்பிள்ஸில் தொடங்கிய கீழ்ப்படிதல் எழுபது வயதிலும் பழகிய பாதக்குறடு போல் அவரோடு இருந்தது.

மயிலாப்பூரில் போர்த்துக்கீசியர் மிகுதி. அங்கே காவியும் ஒரு வேளை உணவும் எவருக்கும் தேவையில்லை. பார்த்து மதிப்பிட மதுரையார் யாரும் அருகில் இல்லை. இனி எதற்கு இந்தத் தவம் என்று உடனிருந்த சபையினருக்குத் தோன்றியிருக்கும். ஆனாலும் எளிய குடிலில் அதே காய்கறி உணவு, அதே ஒழுங்கு. மதுரை மக்களைக் கவர்வதற்காக மேற்கொண்ட வேடம் அது என்று கோவாவில் பழி சொன்னவர்கள் அப்போது வந்து பார்த்திருக்கவேண்டும்.

கண் கிட்டத்தட்ட முழுதும் போய்விட்டது. ஞானோபதேசம், ஆத்தும நிர்ணயம், தூஷண திக்காரம் என்று அவர் வாழ்நாளெல்லாம் இயற்றிய தமிழ் நூல்கள் ஓலைச் சுவடிகளாக இருந்தன. அவற்றை அவரால் இனிப் படிக்க முடியாது. மதுரையில் யார் படிக்கிறார்கள், இனி யார் படிப்பார்கள் என்பதும் தெரியாது. உடனிருந்த கிறிஸ்தவர்களை வாசிக்கச் சொல்லிக் கேட்பார். ஒரு சொல் சரியாக அமையாத இடத்தில் நிறுத்தச் சொல்வார். வேறு சொல் சொல்லி எழுதச் செய்வார். பிறகு மேலே வாசிக்கச் சொல்வார். இப்படிச் சுவடி சுவடியாகத் திருத்திக்கொண்டிருந்த நாட்களில், 1656 ஜனவரி 16-ஆம் நாள், தமது 78-ஆம் வயதில், அவர் உயிர் நீத்தார்.